எல்லாருக்கும் ஒன்றா, ஆளுக்கு ஒன்றா?

'வகுப்பு' என்றதும் நம் தோழியருக்கு நினைவுக்கு வருவன கரும்பலகை, பெஞ்சு, மணியோசை, சில வேளைகளில் வெளியே நின்ற அனுபவம். கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த எங்கள் ஐவருக்கோ, இந்த ஆண்டு அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் வந்து சேர்ந்துவிட்டது. கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதும் பல மொழிகளில் 'கிளாஸ்' என்று ஒன்று உண்டு. தமிழ்ப் பாடநூல் அதனை 'இனக்குழு' என்கிறது. நல்ல பெயர்தான். ஆனாலும் நாங்கள் வகுப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "அந்த வகுப்பில் கோளாறு", "அந்த வகுப்பை மாற்றி எழுத வேண்டும்" என்றெல்லாம் நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, பக்கத்து அறையில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பினர் ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

கணிப்பொறியில் வகுப்பு என்பது ஒரு வார்ப்பு அச்சு. 'மாணவி' என்று ஒரு வகுப்பை எழுதி வைத்தால், அதைக் கொண்டு எத்தனை மாணவிகளை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். அப்படி உண்டாகும் ஒவ்வொன்றுக்கும் 'பொருள்' என்று பெயர். மாணவியை அஃறிணையாக்கலாமா என்று எங்கள் தமிழாசிரியை கோபித்துக்கொள்ளக் கூடாது. இது கணிப்பொறியின் இலக்கணம்! ஒவ்வொரு பொருளுக்கும் சில பண்புகள் உண்டு. அவை இரு வகை. நமது சீருடையின் நிறம், பள்ளியின் பெயர், காலை மணி அடிக்கும் நேரம் ஆகியவை எல்லாருக்கும் ஒன்றே. அவை வகுப்புப் பண்புகள். சேர்க்கை எண், உயரம், கணக்கில் வாங்கிய மதிப்பெண் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறு. அவை தனிப் பண்புகள்.

இவ்வளவுதானா, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இந்தச் சின்ன வேறுபாடு ஒரு சிறுமியை அழவைக்கும் என்று அப்போது தெரியாது.

நமது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் கணக்கைக் கணிப்பொறியில் வைப்பதற்கு, இந்த ஆண்டு ஒரு புரோகிராம் வந்தது. நம் பள்ளியின் நலம் விரும்பி ஒருவர் பைத்தான் மொழியில் எழுதி, அன்பளிப்பாகக் கொடுத்தது. சேர்க்கை எண்ணைத் தட்டினால் பெயர், வகுப்பு, கைவசம் உள்ள புத்தகங்கள் எல்லாம் திரையில் வரும். முதல் நாள் காலை இடைவேளையில் 11 பேர் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துச் சென்றார்கள். மதிய உணவு வேளையில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தான் எடுத்த கதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்க வந்தாள். எண்ணைத் தட்டியதும் அவள் பெயருக்கு நேரே 11 புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றன.

"என்னம்மா இது? மீதிப் பத்தும் எங்கே?" என்றார் நூலகச் சகோதரி.

"ஒண்ணுதான் சிஸ்டர் எடுத்தேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

சகோதரி அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிறுமி அந்தத் திரையைப் பார்த்தாள், தன் பெயரைப் பார்த்தாள், அதன் கீழே தான் கேள்விப்பட்டே இராத புத்தகங்களின் பெயர்களைப் பார்த்தாள். பெளதிகம் முதல் பாகம், ஆங்கில அகராதி எல்லாம் அதில் இருந்தன. "நான் பொய் சொல்லலை சிஸ்டர்" என்று தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் அப்போது பக்கத்து மேசையில் இருந்தோம். பத்துப் புத்தகங்களின் விலையை அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று அவள் நினைத்தாளாம். பின்னர் அவளே எங்களிடம் சொன்னாள்.

நல்ல வேளையாக, அன்று முதல் தேவையில்லை என்று சொல்லப்பட்ட பழைய நோட்டிலும் சகோதரி எழுதிக்கொண்டுதான் இருந்தார். பல ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? அதைப் புரட்டிப் பார்த்ததும், சிறுமியின் பெயருக்கு நேரே ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. சகோதரி அவளை அருகே அழைத்துக் கண்ணீரைத் துடைத்துவிட்டு, கேட்ட புத்தகத்தையும் கொடுத்தனுப்பினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கணிப்பொறி மன்றம் என்று பேட்ஜ் குத்தியிருக்கிறீர்களே, இது என்ன என்று பாருங்கள்" என்றார்.

வேறொரு மாணவியின் எண்ணைத் தட்டினோம். அவள் பெயரிலும் 11. இன்னொருத்தி பெயரிலும் 11. கடைசியில் எங்களில் ஒருத்தி, அன்று காய்ச்சலென்று விடுப்பில் இருந்த தன் தங்கையின் எண்ணைத் தட்டினாள். வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் பெயரிலும் அதே 11 புத்தகங்கள், அதே வரிசையில்! புரோகிராமைத் திறந்து பார்க்க அனுமதி பெற்றோம். 'மாணவி' என்ற வகுப்பின் தலைப்புக்கு நேர் கீழே, 'புத்தகங்கள்' என்று ஒரு வெற்றுப் பட்டியல் எழுதப்பட்டிருந்தது. அந்த இடத்தில் எழுதினால் அது வகுப்புப் பண்பு. பள்ளி முழுவதற்கும் ஒரே பட்டியல். யார் எது எடுத்தாலும் எல்லார் கணக்கிலும் ஏறும். ஒருத்தி திருப்பிக் கொடுத்தால் எல்லார் கணக்கிலிருந்தும் இறங்கும். இந்த இரண்டாவது விஷயம்தான் எங்களை அதிகமாகத் திடுக்கிட வைத்தது. எடுக்காதவள் மாட்டிக்கொள்வது ஒருபுறம் இருக்க, எடுத்தவள் தப்பித்துக்கொள்ளவும் அதில் வழி இருந்ததே!

ஏன் இப்படி நடக்கிறது என்பதை எங்கள் கணிப்பொறி ஆசிரியை கரும்பலகையைக் கொண்டே விளக்கினார். அது எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால் அப்படியே எழுதுகிறோம்.

வகுப்பறையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஒவ்வொரு மாணவியிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. கரும்பலகையில் இருப்பது வகுப்புப் பண்பு. நோட்டில் இருப்பது தனிப் பண்பு. ஒரு மாணவியிடம் ஏதேனும் ஒரு பண்பின் மதிப்பைக் கேட்டால், அவள் முதலில் தன் நோட்டைப் பார்ப்பாள். அங்கே இருந்தால் அதையே சொல்வாள். இல்லாவிட்டால்தான் தலை நிமிர்ந்து கரும்பலகையைப் பார்ப்பாள். அங்கும் இல்லையென்றால், இந்த வகுப்பு எந்தத் தாய் வகுப்பிலிருந்து பிறந்ததோ அதன் பலகையைப் பார்ப்பாள். எங்குமே இல்லையென்றால் 'அப்படி ஒரு பண்பே இல்லை' என்று கணிப்பொறி பிழை காட்டி நின்றுவிடும்.

படிக்கும்போது இப்படி. எழுதும்போது வேறு. ஒரு மாணவியின் பெயரைச் சொல்லி ஒரு மதிப்பை எழுதச் சொன்னால், அது எப்போதும் அவளுடைய நோட்டில்தான் விழும். கரும்பலகையில் அதே பெயரில் ஒன்று இருந்தாலும் அது அழியாது. அவளுக்கு மட்டும் மறைந்துவிடும். ஆகவே ஒருத்தி எழுதுவதால் மற்றவர்களுக்குக் கெடுதல் வராது என்றுதானே எண்ணத் தோன்றுகிறது? அப்படியானால் நூலகத்தில் மட்டும் ஏன் வந்தது?

கரும்பலகையில் 7 என்று ஓர் எண்ணை எழுதலாம். ஆனால் ஒரு பட்டியலை வைக்கும்போது, பலகையில் இருப்பது பட்டியல் அன்று. 'சன்னல் ஓரத்து அலமாரியில் இருக்கும் சிவப்பு நோட்டு' என்பது போன்ற ஒரு குறிப்புதான். 'பட்டியலில் இதைச் சேர்' என்று ஒரு மாணவியிடம் சொன்னால், அவள் தன் நோட்டைப் பார்க்கிறாள். அங்கே ஒன்றும் இல்லை. பலகையைப் பார்க்கிறாள், அலமாரிக்குப் போகச் சொல்லுகிறது. போகிறாள், அந்தச் சிவப்பு நோட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டு வந்து உட்காருகிறாள். அவள் தன் நோட்டிலும் எழுதவில்லை, பலகையையும் தொடவில்லை. எழுதியது பொது நோட்டில். அடுத்தவளும் அங்கேதான் போவாள். 11 பேரும் போய் வந்த பிறகு ஆறாம் வகுப்புச் சிறுமியைக் கேட்டால், பலகை வழியாக அவளுக்கும் அந்தச் சிவப்பு நோட்டுதான் கிடைக்கும்.

திருத்தம் மிகச் சிறியது. பைத்தான் மொழியில் ஒரு பொருள் பிறக்கும்போதே தானாக நடக்கும் செயல் ஒன்று உண்டு. அதற்கு 'இனிட்' என்று பெயர். பெயரின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இருக்கும். அதற்குள்ளே 'செல்ஃப்' என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, 'புத்தகங்கள்' என்று எழுதி, வெற்றுப் பட்டியலை அதற்குச் சமமாக்கினோம். 'செல்ஃப்' என்றால் அந்தப் பொருளே, அதாவது 'நான்'. இனி மாணவி ஒவ்வொருத்தியும் பிறக்கும்போதே அவளுக்கென்று ஒரு புது நோட்டு. மேலே இருந்த வரியை நீக்கினோம். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல், பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடிகிறது. ஆகவே 'புத்தகங்கள்' என்பதைத் தமிழிலேயே எழுதினோம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்பளித்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தமது வீட்டில் ஒரே ஒரு பெயரை வைத்துச் சோதித்திருப்பார். ஒரே ஒரு மாணவி இருக்கும் வகுப்பில் பொது நோட்டுக்கும் சொந்த நோட்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? இரண்டாவது ஆள் வந்தால்தான் இந்தக் கோளாறு தலைகாட்டும். மேலும் இது உலகம் அறிந்த பிழை. பைத்தானின் அதிகாரபூர்வக் கையேட்டிலேயே, 'நாய்' என்று ஒரு வகுப்பை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு நாய்களுக்கு ஆளுக்கொரு வித்தை கற்பித்தால், இரண்டு வித்தைகளும் ஒரே நாய்க்குத் தெரிந்தது போல் காட்டும். பாடம் படிக்காமலே தேர்ச்சி! அப்படி ஒரு வசதி பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் இல்லையே என்று எங்களில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

எண்ணிலும் ஒரு விளையாட்டு உண்டு. மாணவிகள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்காக வகுப்பில் 'எண்ணிக்கை' என்று வைத்து, அதற்கு 0 கொடுத்து, ஒவ்வொரு மாணவி பிறக்கும்போதும் 'செல்ஃப்' வழியாக ஒன்று கூட்டினால், மூவர் பிறந்த பின் விடை என்ன? ஆசிரியை இக்கேள்வியைக் கொடுத்துவிட்டு மணி அடித்ததும் போய்விட்டார். மதியம் முழுவதும் மற்றொரு பாடத்தின் நடுவே எங்களுக்கு இதே யோசனை. 3 என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் கரும்பலகைக் கதைப்படி பாருங்கள்: முதல் மாணவி பலகையைப் பார்த்து 0 என்று படிக்கிறாள், ஒன்று கூட்டுகிறாள், கிடைத்த 1 ஐத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். பலகையில் 0 அப்படியே இருக்கிறது. இரண்டாமவளுக்கும் 1, மூன்றாமவளுக்கும் 1. வகுப்பைக் கேட்டால் 0. மூவரும் 'நான் ஒருத்திதான் இந்தப் பள்ளியில்' என்று இருக்கிறார்கள். 'செல்ஃப்' என்பதற்குப் பதில் 'மாணவி' என்று வகுப்பின் பெயரையே சொல்லிக் கூட்டினால்தான் பலகையில் 3 வரும். ஆக, தனியாருடையதைப் பொதுவில் எழுதினாலும் தொல்லை, பொதுவானதைத் தனியாரிடம் எழுதினாலும் தொல்லை.

இந்த வகுப்பு என்னும் எண்ணம் எங்கே பிறந்தது என்றும் தேடிப் பார்த்தோம். நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் உள்ள கணிப்பு மையத்தில், ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் 1960களில் 'சிமுலா 67' என்ற மொழியை உருவாக்கினார்கள். உலகில் நடப்பவற்றைக் கணிப்பொறிக்குள் பாவனையாக நடத்திப் பார்ப்பதே அவர்கள் நோக்கம். வகுப்பும் பொருளும் அங்கேதான் வந்தன. இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. மறு ஆண்டே சில வார இடைவெளியில் இருவரும் மறைந்தார்கள். 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் முதலியோர் 'ஸ்மால்டாக்' என்ற மொழியைச் செய்தார்கள். இவர்களுள் அடீல் கோல்ட்பர்க் ஒரு பெண்மணி என்று அறிந்ததும் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்த மொழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்; எங்களைவிடச் சிறியவர்களும் அதில் உண்டு. நாங்கள் இப்போது பயிலும் பைத்தானை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்ததாம்.

வேறு பள்ளியில் ஜாவா படிக்கும் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "எங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை" என்கிறாள். ஜாவாவில் எல்லாருக்கும் பொதுவானது வேண்டுமென்றால் 'ஸ்டாட்டிக்' என்ற சொல்லை முன்னால் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் அது தனிப் பண்பு. பைத்தானிலோ எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதை வைத்தே முடிவாகிறது. நான்கு எழுத்து இடம் உள்ளே தள்ளி எழுதுவதா, இன்னும் உள்ளே செயலுக்குள் எழுதுவதா என்பதில் இருக்கிறது எல்லாம். இதில் எங்கள் ஓட்டு ஜாவாவுக்கே. பைத்தான் எழுதுவதற்கு இனிமையானதுதான். ஆனால் இவ்வளவு முக்கியமான செய்தியை வாய்விட்டுச் சொல்லச் சொல்வதே நல்லது.

நூலகச் சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு விவாதம் மூண்டது. வகுப்புப் பண்பு என்பதே ஆபத்து, எல்லாவற்றையும் தனிப் பண்பாகவே வைத்துவிட்டால் என்ன என்று இருவர் கேட்டார்கள். அந்த அழுகையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. மற்ற மூவரும் ஒப்பவில்லை. ஒரு புத்தகத்தை 7 நாள் வைத்திருக்கலாம் என்பது நூலக விதி. அதை மாணவி ஒவ்வொருத்தியின் நோட்டிலும் எழுதினால், விதி மாறும் நாளில் அத்தனை நோட்டையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அவளுக்கு மட்டும் பழைய விதி. பலகையில் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு வரியை மாற்றினால் போதும். விதி எல்லாருக்கும் ஒன்று, கடன் அவரவருக்கு. இரண்டு நாள் வழக்காடிய பிறகு 'நாள்' என்பதையும் ஒரு நாளைக்கு 1 ரூபாய் அபராதம் என்பதையும் வகுப்பில் வைத்தோம். புத்தகங்கள், எடுத்த தேதி, கட்டவேண்டிய அபராதம் ஆகியவற்றைத் தனியாக வைத்தோம். சகோதரியும் பார்த்துவிட்டுச் சரி என்றார். பழைய நோட்டை மட்டும் இன்னும் மேசையை விட்டு எடுக்கவில்லை!

நவம்பரில் ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது. வாரக் கணக்கில் பள்ளிக்கு வர முடியாது. அவளுக்கு மட்டும் 14 நாள் கொடுக்கச் சொன்னார் சகோதரி. அவள் பெயரைச் சொல்லி 14 என்று எழுதினோம். அது அவள் நோட்டில் விழுந்தது, மற்றவர்களுக்கு 7 மாறவில்லை. டிசம்பரில் அரையாண்டு விடுமுறை வந்தது. எல்லாருக்கும் 21 நாள் என்று சகோதரி அறிவித்தார். வகுப்பில் ஒரே வரியை மாற்றினோம். சரிபார்ப்பதற்காக எண்களைத் தட்டிக்கொண்டே வந்தபோது எல்லாருக்கும் 21 என்று வந்தது, அந்த அம்மை கண்ட தோழிக்கு மட்டும் 14. சலுகை பெற்றவள் அவள் ஒருத்திதான். விடுமுறை முடிந்து வந்ததும் அபராதம் கட்டப் போகிறவளும் அவள் ஒருத்தியாகவே இருந்திருப்பாள். அவளுக்கு 21 என்று திருத்தி எழுதலாமா என்று ஒருத்தி கேட்டாள். அப்படி எழுதினால் ஜனவரியில் எல்லாரும் 7க்குத் திரும்பும்போது அவள் மட்டும் 21லேயே நின்றுவிடுவாள். அதனால் எழுதவில்லை, பைத்தானில் உள்ள 'டெல்' என்ற ஆணையைக் கொடுத்து அவள் நோட்டிலிருந்த அந்த ஒரு வரியை அழித்தோம். பிறகு மீண்டும் அவள் எண்ணைத் தட்டினோம். தன் நோட்டில் தேடி, அங்கே இல்லாமல், தலை நிமிர்ந்து பலகையைப் பார்த்து 21 என்று சொன்னாள்.